அலையாத்தி இலைச் சாறும் 18 மில்லிமீட்டர் வட்டமும்

கேள்வி: பெருந்துறையிலிருந்து ஒரு முதுகலை மாணவி
2024 ஆகஸ்ட் 4

பிச்சாவரத்தில் வனத்துறை அனுமதியுடன் சேகரித்த அலையாத்தி இலையை நிழலில் உலர்த்திப் பொடித்து, கரைப்பானைக் கொதிக்கவைத்துச் சாறு இறக்கும் சாக்ஸ்லெட் கருவியில் மெத்தனால் கொண்டு சாறு இறக்கினேன். பாக்டீரியாவைத் தூவிய அகார் கூழ்த் தட்டில் குழி வெட்டிச் சாற்றை விட்டுச் சோதித்தபோது ஸ்டெஃபிலோகாக்கஸ் ஆரியஸ் பாக்டீரியாவுக்கு எதிராக 18 மி.மீ. தடுப்பு வட்டம், அதாவது பாக்டீரியா வளராத வட்டம், கிடைத்தது. அதே தட்டில் வைத்த, ஜென்டமைசின் என்ற ஆன்டிபயாடிக் ஊறிய காகித வட்டு 21 மி.மீ. காட்டியது. என் சாறு ஜென்டமைசினுக்கு ஏறக்குறைய இணையானது என்று ஆய்வேட்டில் எழுதலாமா? ஈ.கோலை என்ற குடல் பாக்டீரியாவின் தட்டில் வட்டமே விழவில்லை. அதை எப்படி விளக்குவது?

2024 ஆகஸ்ட் 4, இரவு

பதில்: இணையானது என்று எழுத வேண்டாம். குழியில் எத்தனை மில்லிகிராம் சாறு இருந்தது, ஜென்டமைசின் வட்டில் எவ்வளவு மருந்து இருந்தது என்ற இரண்டு எண்களையும் முதலில் தெரிவிக்கவும்.

2024 ஆகஸ்ட் 6

எண்கள் வந்துவிட்டன. மில்லிலிட்டருக்கு 100 மில்லிகிராம் என்ற கரைசலில் 50 மைக்ரோலிட்டரைக் குழியில் விட்டிருக்கிறார். அப்படியானால் குழியில் இருந்தது 5 மில்லிகிராம், அதாவது 5,000 மைக்ரோகிராம். கடையில் வாங்கிய ஜென்டமைசின் வட்டில் இருப்பது 10 மைக்ரோகிராம். ஐந்நூறு மடங்கு எடையுள்ள பொருளை வைத்து, அதற்குப் பிறகும் மூன்று மில்லிமீட்டர் குறைவான வட்டத்தைப் பெற்றுவிட்டு, இரண்டும் இணை என்று எழுதுவது எந்த வகையிலும் பொருந்தாது.

வட்டத்தின் அளவைத் தீர்மானிப்பது பொருளின் வீரியம் மட்டுமன்று. அகாரின் ஊடே அது எவ்வளவு வேகமாகப் பரவுகிறது என்பதும்தான். நீரில் எளிதாகக் கரையும் சிறிய மூலக்கூறு விரைந்து பரவிப் பெரிய வட்டம் போடும். எண்ணெய்த் தன்மையுள்ள ட்ரைடெர்பீன் போன்ற பொருள் குழியின் ஓரத்திலேயே தங்கிவிடும். அது நல்ல மருந்தாகவே இருந்தாலும் தட்டு அதைக் காட்டாது. ஆகவே பெரிய வட்டத்தை நம்பி மகிழ்வதும் பிழை, வட்டம் இல்லையென்று சாற்றிலிருந்து பிரித்த ஒரு பகுதியைத் தூக்கி எறிவதும் பிழை.

செய்ய வேண்டியது குறைந்தபட்சத் தடுப்புச் செறிவைக் காண்பது. 96 குழித் தட்டில் மில்லிலிட்டருக்கு 1,000 மைக்ரோகிராமில் தொடங்கி 500, 250, 125, 62.5 என்று பாதி பாதியாக நீர்த்துக்கொண்டே போக வேண்டும். எந்தக் குழி வரை பாக்டீரியா வளரவில்லையோ அந்த எண்தான் விடை. சுத்திகரிக்காத சாறு 100 மைக்ரோகிராமுக்குக் கீழே நிறுத்தினால் தொடர்ந்து ஆராயத் தகுந்தது என்றும், தனித்துப் பிரித்த சேர்மம் 10 மைக்ரோகிராமுக்குக் கீழே நிறுத்த வேண்டும் என்றும் இத்துறையில் பலர் ஏற்றுக்கொண்ட ஓர் அளவுகோல் உண்டு. 1,000க்கு மேல் போனால் அதைப் பேசாமல் விட்டுவிடுவது நல்லது.

2024 ஆகஸ்ட் 7

நேற்று எழுதியதை மறுபடி படித்தபோது, வட்டங்களையே நான் பழித்துவிட்டது போன்ற தொனி வந்திருப்பதைக் கண்டேன். அது நியாயமன்று.

என் அம்மிச்சிக்குச் சர்க்கரை நோயால் காலில் ஆறாத புண் வந்தபோது, சீழை வளர்த்துப் பார்த்த அறிக்கையில் பதினொரு மருந்துகளில் எட்டின் எதிரே 'எதிர்ப்பு உண்டு' என்று அச்சாகியிருந்தது. மீதமிருந்த மூன்றில் ஒன்றைக் கொடுத்துத்தான் காலைக் காப்பாற்றினார்கள். அந்த அறிக்கையும் வட்டத்தை அளந்து எழுதியதுதான். கிர்பி, பாவர் முதலியோர் 1966இல் வெளியிட்ட முறைப்படி, வட்டில் உள்ள மருந்தின் அளவு, அகாரின் வகை, அதன் ஆழம், தூவும் பாக்டீரியாவின் அடர்த்தி ஆகிய அனைத்தும் நிலையாக வைக்கப்படுகின்றன. ஒவ்வொரு மருந்துக்கும் எத்தனை மில்லிமீட்டர் என்றால் அது நோயாளியிடம் வேலை செய்யும் என்பது தனித்தனியாக ஒப்பிட்டு அட்டவணையாக்கப்பட்டிருக்கிறது. ஜென்டமைசினுக்கு அந்த அட்டவணை இருக்கிறது. அலையாத்திச் சாற்றுக்கு இல்லை. ஒரே தட்டில் கிடந்தாலும் 18ஐயும் 21ஐயும் ஒரே அளவுகோலால் படிக்க முடியாததற்குக் காரணம் இதுதான்.

2019ஆம் ஆண்டில் மட்டும் மருந்தை எதிர்க்கும் பாக்டீரியாக்களின் நேரடி விளைவாக உலகில் ஏறக்குறைய 12.7 லட்சம் பேர் இறந்ததாக 2022இல் வெளியான மதிப்பீடு சொல்கிறது. புதிய மருந்து வேண்டும் என்ற பதற்றம் எனக்கும் உண்டு. அந்தப் பதற்றத்தினால்தான் இந்த மாணவியிடம் கடுமையாக எழுதுகிறேன்.

2024 ஆகஸ்ட் 11

என் சொந்தப் பிழையை எழுத வேண்டிய இடம் இது. சற்று நீளும்.

1998இல் கோவையில் முதுகலை படித்தபோது நானும் பிச்சாவரத்துக்குப் போனேன். இரவுப் பேருந்தில் போய், காலையில் சேறு மிதித்து, அனுமதி பெற்ற அளவுக்குச் சுரபுன்னை என்ற இன்னொரு சதுப்பு மரத்தின் பட்டையும் இலையும் எடுத்துக்கொண்டு மறுநாளே திரும்பினேன். இலையைச் சாக்கில் கட்டிக் கொண்டுவந்ததால் வழியிலேயே பாதி புழுங்கிப் பூஞ்சணம் பிடித்துவிட்டது. பட்டை மட்டும் தப்பியது. அசிட்டோனும் நீரும் கலந்து பட்டையில் சாறு இறக்கினேன். ரத்தச் சிவப்பில் வந்தது. தட்டில் 22 மி.மீ. வட்டம். அன்று இரவு எனக்கு உறக்கமே இல்லை.

அடுத்த வாரம் ஈரோட்டில் வீட்டுக்குப் போனபோது, சாறு உலர்ந்து கிடந்த ஒரு சிறிய கண்ணாடிக் குப்பியை அப்பாருவிடம் காட்டினேன். அவர் முப்பது ஆண்டுகளுக்கு மேல் தோல் பதனிடும் தொட்டியில் ஆவாரம் பட்டைத் தண்ணீரில் தோலைப் புரட்டிப் போட்டவர். மூடியைத் திறந்து, விரல் நுனியால் தொட்டு நாக்கில் வைத்து, முகத்தைச் சுளித்துவிட்டு, "இது தோலைப் பதப்படுத்தற சரக்குக் கண்ணு, நம்ம ஆவாரம் பட்டையாட்டவே இழுக்குது" என்றார். பூச்சியைக் கொல்லும் மருந்து என்று நான் சொன்னேன். "தோலையே கெட்டி பண்றது பூச்சிய உடுமா?" என்று கேட்டுவிட்டுக் குப்பியைத் திருப்பிக் கொடுத்தார்.

அவர் கேட்டதன் வேதியியல் எனக்கு விளங்க மூன்று மாதங்கள் ஆயின. சுரபுன்னைப் பட்டையில் மிகுதியாக இருப்பது டானின். டானின் எந்தப் புரதத்தைக் கண்டாலும் பற்றிப் பிணைத்துக்கொள்ளும்; தோலின் கொலாஜனைப் பிணைத்து அழுகாமல் நிறுத்துவதும், நாக்கின் மேலுள்ள எச்சில் புரதத்தைத் திரித்துத் துவர்ப்பை உண்டாக்குவதும், பாக்டீரியாவின் மேற்பரப்புப் புரதங்களையும் அது சுரக்கும் நொதிகளையும் முடக்குவதும் ஒரே வினைதான். போதாததற்குப் பாக்டீரியாவுக்குத் தேவையான இரும்பையும் அது பிடித்து வைத்துக்கொள்ளும். கடலோர மீனவர்கள் பருத்தி வலையைக் கண்டல் பட்டைச் சாயத்தில் தோய்த்து அழுகாமல் காத்ததும் இதே குணத்தால்தான்.

சாற்றில் ஜெலட்டின் கரைசலைச் சேர்த்து, திரிந்து விழுந்த டானினை வடிகட்டி அகற்றிவிட்டு, மீதியை மீண்டும் தட்டில் வைத்தேன். 22 மி.மீ. வட்டம் இருந்த இடத்தில் குழியைச் சுற்றி மெல்லிய கோடு போல ஏதோ இருந்தது, அளக்கவே முடியவில்லை. மூன்று முறை செய்தும் அதே முடிவு. அந்த அட்டவணையை ஆய்வேட்டில் சேர்க்க வேண்டாம், முதல் அட்டவணையே போதும் என்று எனக்கு அறிவுரை சொல்லப்பட்டது. நானும் சேர்க்கவில்லை. இருபத்தாறு ஆண்டுகளாக அது என்னை உறுத்துகிறது.

டானின் பயனற்றது என்று சொல்லவில்லை. தோலின் மேல் பூசும் மருந்துக்கோ வாய் கொப்பளிக்கும் நீருக்கோ அது உதவக்கூடும். ஆனால் ரத்தத்தில் ஏற்ற முடியாது, ஏனென்றால் ரத்தமே புரதக் குழம்பு. பாக்டீரியாவைத் தேடிப் போவதற்கு முன்பே டானின் அங்கே பிணைந்து தீர்ந்துவிடும். ஆகவே மாணவி தம் சாற்றில் டானினை அகற்றிவிட்டு மறுபடி அளக்க வேண்டும்.

2024 ஆகஸ்ட் 12

நேற்றைய குறிப்பைப் படித்த ஒருவர், சுரபுன்னையும் அலையாத்தியும் ஒன்றுதானே என்று கேட்கிறார். இரண்டும் வேறு. முத்துப்பேட்டைப் பக்கம் காடு முழுவதையும் அலையாத்திக் காடு என்பார்கள். அதனால் குழப்பம் வருகிறது. சுரபுன்னை என்று நான் எழுதியது ரைசோஃபோரா பேரினம், வளைந்த தாங்கு வேர்கள் உடையது. மாணவியின் அலையாத்தி அவிசென்னியா மெரினா, சேற்றிலிருந்து பென்சில் நட்டது போல மூச்சு வேர்கள் எழும்பி நிற்பது. பெயரை நம்பிச் செடியை முடிவு செய்யக் கூடாது. பூவும் காயும் உள்ள கிளையை அழுத்தி உலர்த்தி, கோவையில் வேளாண் பல்கலைக்கழக வளாகத்தில் இருக்கும் இந்தியத் தாவரவியல் ஆய்வகத்தின் தென்மண்டல மையத்தில் அடையாளச் சான்று வாங்கலாம். கடலே இல்லாத கொங்கு நாட்டில் கடற்கரைச் செடிக்குச் சான்று கிடைக்கும் வசதி நமக்கு இருக்கிறது; பெருந்துறையிலிருந்து இரண்டு மணி நேரப் பயணம்.

2024 ஆகஸ்ட் 18

ஈ.கோலை பற்றிய கேள்வி அப்படியே நின்றுவிட்டது.

பாக்டீரியாக்களை இரண்டாகப் பிரிக்கும் கிராம் சாயச் சோதனையில் ஸ்டெஃபிலோகாக்கஸ் கிராம் நேர் வகை. அதன் சுவர் தடிமனானது, ஆனால் சல்லடை போன்றது. நடுத்தர அளவுள்ள மூலக்கூறுகள் புகுந்துவிடும். ஈ.கோலை கிராம் எதிர் வகை. மெல்லிய சுவருக்கு வெளியே கொழுப்பும் சர்க்கரையும் சேர்ந்த இன்னொரு சவ்வு போர்த்தியிருக்கும். போரின் எனப்படும் குறுகிய வாயில்களின் வழியே சிறிய, நீரை விரும்பும் மூலக்கூறுகளே உள்ளே போக முடியும். தப்பிப் புகுந்தவற்றையும் சவ்வில் உள்ள இறைப்பான்கள் வெளியே தள்ளிவிடும். தாவரச் சேர்மங்களில் பெரும்பாலானவை இந்த இரண்டு காவல்களையும் தாண்டுவதில்லை. ஆகவே மாணவிக்குக் கிடைத்தது எதிர்பார்த்த முடிவுதான். அதை மறைக்காமல் எழுத வேண்டும்.

இறைப்பான் பற்றி ஒரு செய்தி எனக்கு மிகவும் பிடித்தமானது. பெர்பெரின் என்ற தாவரச் சேர்மத்தை ஸ்டெஃபிலோகாக்கஸ் தன் நார்-ஏ இறைப்பானால் வெளியேற்றிவிடுகிறது. ஆனால் பெர்பெரினை உண்டாக்கும் சில பெர்பெரிஸ் செடிகளே அந்த இறைப்பானை அடைக்கும் வேறொரு சேர்மத்தையும் சேர்த்து வைத்திருக்கின்றன. 5'-மெத்தாக்சிஹிட்னோகார்பின் என்பது அதன் பெயர். அது தனியாக எதையும் கொல்லாது. இரண்டும் சேர்ந்தால் பெர்பெரின் பல மடங்கு வீரியம் பெறுகிறது. இது 2000ஆம் ஆண்டில் வெளியானது. சாற்றைப் பகுதி பகுதியாகப் பிரிக்கும்போது வீரியம் மறைந்துபோனால், துணைச் சேர்மத்தை நாம் வேறு குடுவைக்கு அனுப்பிவிட்டோமா என்றும் பார்க்க வேண்டும். பிரித்த பகுதிகளை மீண்டும் கலந்து ஒருமுறை அளப்பது அதிகச் செலவில்லாத வேலை.

2024 ஆகஸ்ட் 25

பல்லடத்தில் கறிக்கோழிப் பண்ணை வைத்திருக்கும் என் மைத்துனர் இந்தக் குறிப்புகளைப் படித்துவிட்டு, அலையாத்தி இலைப் பொடியைத் தீவனத்தில் கலந்தால் மருந்துச் செலவு குறையுமா என்று கேட்டார். நாமக்கல்லிலிருந்தும் ஒருவர் இதையே கேட்டிருக்கிறார்.

கேள்விக்குப் பின்னணி உண்டு. கடைசிக் கட்டத்தில் மனிதருக்குக் கொடுக்க வைத்திருக்கும் கொலிஸ்டின் மருந்தைக் கோழிக்கும் கால்நடைக்கும் கொடுப்பதை 2019 ஜூலையில் இந்திய அரசு தடை செய்தது. அதற்கு முன் 2015இல் சீனாவில், கொலிஸ்டினை எதிர்க்கும் திறனை ஒரு பாக்டீரியாவிலிருந்து இன்னொன்றுக்குக் கடத்தும் எம்.சி.ஆர்-1 மரபணு பன்றிப் பண்ணைப் பாக்டீரியாவில் கண்டறியப்பட்டிருந்தது. மாற்று வேண்டும் என்று பண்ணைக்காரர்கள் தேடுவதில் தவறில்லை.

ஆனால் டானின் உள்ள இலையைத் தீவனத்தில் கலந்தால், தீவனத்தில் உள்ள புரதத்தையே அது பிணைத்துக்கொள்ளும். கோழிக்குச் செரிமானம் குறைந்து எடை ஏறாது. டானின் மிகுந்த செஞ்சோள வகைகளைக் கோழித் தீவனத்தில் அளவோடு சேர்ப்பதற்கும் இதுவே காரணம். இலையோடு உப்பும் சேர்ந்து போகும். எச்சம் நீர்த்துக் கொட்டகைத் தரை ஈரமாகும். மைத்துனரிடம் வேண்டாம் என்று சொல்லிவிட்டேன்.

2024 செப்டம்பர் 1

மைத்துனருக்கு உப்பைப் பற்றிச் சொன்னபோதுதான், மாணவியின் சோதனையிலும் அதைக் கேட்காமல் விட்டது நினைவுக்கு வந்தது. சுரபுன்னை வேரிலேயே பெரும்பகுதி உப்பை வடிகட்டி நிறுத்திவிடும். அலையாத்தி உப்பை உள்ளே விட்டு, இலையில் உள்ள சுரப்பிகள் வழியே வெளியேற்றும். வெயில் நேரத்தில் இலையை நக்கிப் பார்த்தால் கரிக்கும், கண்ணுக்கே படிகம் தெரியும். அந்த இலையைப் பொடித்து நீரில் சாறெடுத்தால் உப்பும் கூடவே வரும். சாற்றில் மூன்றில் ஒரு பங்கு உப்பு என்று வைத்துக்கொண்டால், மில்லிலிட்டருக்கு 100 மில்லிகிராம் கரைசலில் 3 சதவீதத்துக்கு மேல் உப்பு இருக்கும். ஸ்டெஃபிலோகாக்கஸ் 7.5 சதவீத உப்பையும் தாங்கி வளரும். அதைத் தனியே பிரித்தெடுக்கும் மானிட்டால் உப்பு அகாரே அந்த அளவில்தான் தயாரிக்கப்படுகிறது. ஆகவே அந்தத் தட்டுக்குக் கவலையில்லை. உப்பைத் தாங்காத வேறு பாக்டீரியாக்களைச் சோதிப்பவர்கள் எச்சரிக்கையாக இருக்க வேண்டும். மெத்தனால் சாற்றில் இந்தச் சிக்கல் இல்லை.

2024 செப்டம்பர் 2

நேற்றைய கடைசி வாக்கியம் தவறு. தூய மெத்தனாலிலும் லிட்டருக்குச் சுமார் 15 கிராம் சமையல் உப்பு கரையும். இலையில் மிச்சமிருக்கும் ஈரம் அதை இன்னும் கூட்டும். உலர்ந்த மெத்தனால் சாறு மழை நாளில் திறந்து வைத்தால் பிசுபிசுத்துப் போவதை நான் கண்டிருக்கிறேன். ஈரத்தை இழுத்தது உப்பாகத்தான் இருந்திருக்கும், சர்க்கரையும் சேர்ந்திருக்கலாம். இலையைப் பறித்ததும் நல்ல நீரில் இரண்டு முறை அலசுவது மேற்பரப்பு உப்பை நீக்கும். உள்ளே இருப்பதை அறிய, சாற்றில் ஒரு பகுதியை உலையில் எரித்துச் சாம்பலாக்கி, அந்தச் சாம்பலை அதே அளவு நீரில் கரைத்துத் தட்டில் வைக்கவும். சாம்பலும் வட்டம் போட்டால் அது இலையின் சேர்மத்தால் வந்ததன்று.

2024 செப்டம்பர் 15

தில்லை மரத்தைப் பற்றி ஏன் எழுதவில்லை என்று கேட்டிருக்கிறார்கள். சிதம்பரத்துக்குத் தில்லை என்ற பெயரைக் கொடுத்த மரம், கோயிலின் தல மரம். அதன் வெண்பால் கண்ணில் பட்டால் தற்காலிகமாகப் பார்வை போகும். தோலில் பட்டால் கொப்புளம் எழும். பிச்சாவரத்தில் படகோட்டி அந்தக் கிளையைத் தொட வேண்டாம் என்று என்னை இரண்டு முறை தடுத்தார். எரிச்சலை உண்டாக்குபவை ஃபோர்பால் எஸ்டர் வகை டைடெர்பீன்கள்.

அது பாக்டீரியாவைக் கொல்கிறது என்பதில் வியப்பில்லை. நம் செல்லையும் சேர்த்துக் கொல்லும் பொருளுக்கு மருந்து என்று பெயரில்லை. எந்தச் சாற்றுக்கும், பாக்டீரியாவை நிறுத்தும் செறிவு ஒருபுறமும், சிவப்பணுவை உடைக்கும் செறிவும் வளர்ப்புச் செல்லைக் கொல்லும் செறிவும் மறுபுறமும் இருக்க வேண்டும். இரண்டுக்கும் இடையே குறைந்தது பத்து மடங்கு இடைவெளியாவது வேண்டும். சிவப்பணுச் சோதனைக்குப் பெரிய கருவி தேவையில்லை. ரத்தம், உப்புக் கரைசல், மையவிலக்கி, நிறமானி ஆகியவை எந்தக் கல்லூரி ஆய்வகத்திலும் உண்டு. அதையும் மாணவி செய்துவிட வேண்டும்.

2024 செப்டம்பர் 29

சூடு பற்றி. சாக்ஸ்லெட்டில் மெத்தனால் 65 டிகிரி செல்சியஸுக்கு அருகே கொதிக்கிறது. குடுவையில் சேரும் சாறு எட்டு மணி நேரம் அந்தச் சூட்டிலேயே கிடக்கும். சீனாவின் து யூயூ 1970களின் தொடக்கத்தில் மலேரியாவுக்கு ஆர்ட்டிமிசினினைப் பிடித்தது, கொதிக்க வைப்பதை விட்டுவிட்டுக் குறைந்த சூட்டில் ஈதரால் இறக்கியபோதுதான். அதற்காக 2015இல் நோபல் பரிசு பெற்றார். அலையாத்தி இலையில் உள்ள இரிடாய்டு குளுக்கோசைடுகள் என்ற சேர்மங்களும் சூட்டைத் தாங்காத மென்மையானவை. ஒரு பங்கு பொடியைக் குளிர்ந்த மெத்தனாலில் மூன்று நாள் ஊறவைத்து, இரண்டு சாறுகளையும் ஒப்பிட்டுப் பார்க்கலாம்.

அலையாத்தியின் தண்டிலும் பட்டையிலும் நாஃப்தோகுவினோன்கள் என்ற சேர்மங்கள் கிடைத்திருக்கின்றன. மருதாணியைச் சிவக்க வைக்கும் லாசோனும் இதே குடும்பம். இவை பாக்டீரியாவைத் தடுப்பது உண்மை. ஆனால் கண்ட புரதத்தோடெல்லாம் வினைபுரிந்து பல சோதனைகளில் பொய் வெற்றி காட்டும் குணமும் இவற்றுக்கு உண்டு. பட்டைக்குப் போகலாமா என்று மாணவி கேட்டதற்கு என் பதில் இதுதான்: போக வேண்டாம். மரத்தையும் நினைக்க வேண்டும். இலை மீண்டும் துளிர்க்கும். சுற்றிலும் பட்டை உரித்த மரம் பிழைக்காது. பிச்சாவரம் உலக முக்கியத்துவம் வாய்ந்த ஈரநிலங்களின் ராம்சர் பட்டியலில் 2022இல் சேர்ந்த ஈரநிலம். 2004 ஆழிப்பேரலையின்போது பின்னாலிருந்த குடியிருப்புகளுக்கு அரணாக நின்ற காடு.

இலையின் உள்ளே வாழும் பூஞ்சைகளைப் பிரித்து வளர்க்கும் வழியும் இருக்கிறது. இலையை 70 சதவீத எத்தனாலிலும் பின்னர் ஹைப்போகுளோரைட்டிலும் கழுவி, வெட்டிய விளிம்பு அகாரைத் தொடும்படி வைத்தால் ஒரு வாரத்தில் இழை கிளம்பும். கடைசியாகக் கழுவிய நீரையும் ஒரு தட்டில் ஊற்ற வேண்டும். அதில் ஏதும் வளரவில்லை என்றால்தான் கிளம்பியது உள்ளிருந்து வந்தது என்று சொல்ல முடியும். பத்து இலை போதும். நாம் இன்று பயன்படுத்தும் ஆன்டிபயாடிக்குகளில் பெரும்பாலானவை பூஞ்சையும் மண் பாக்டீரியாவும் தந்தவை என்பதால், எனக்கு இந்த வழியில் நம்பிக்கை அதிகம்.

2024 அக்டோபர் 20

மாணவி மூன்று முறை திரும்பச் செய்த அளவீடுகளை அனுப்பியிருக்கிறார். மெத்தனால் சாறு 500 மைக்ரோகிராமில் நிறுத்துகிறது. டானினை அகற்றிய பிறகு 1,000. சாம்பல் கரைசலில் ஒன்றுமில்லை. குளிர்ந்த முறையில் எடுத்த சாற்றிலிருந்து பிரித்த ஈதைல் அசிடேட் கரைப்பானில் கரைந்த பகுதி மட்டும், டானின் நீங்கிய பிறகும், 125இல் நிற்கிறது. சிவப்பணு 1,000 வரை உடையவில்லை. முதல் அட்டவணையையும் டானின் நீக்கிய அட்டவணையையும் அடுத்தடுத்த பக்கங்களில் வைக்கப்போவதாக எழுதியிருக்கிறார். அந்த வரியை நான் பலமுறை படித்தேன்.

ஒன்று மட்டும் பாக்கி. குழிகளில், உயிருள்ள பாக்டீரியா இருந்தால் நிறம் மாறும் ரெசசூரின் சாயம் விட்டு, நீலம் இளஞ்சிவப்பாக மாறியதை வைத்து வளர்ச்சியைக் கணித்திருக்கிறார். ஆக்சிஜன் ஒடுக்கும் தன்மையுள்ள பாலிஃபீனால் என்ற தாவரச் சேர்மங்கள் பாக்டீரியா இல்லாமலேயே அந்தச் சாயத்தைச் சிவக்க வைக்கும். அப்படி நடந்திருந்தால் உண்மையான எண் 125க்கும் கீழே இருக்கக்கூடும். பாக்டீரியா சேர்க்காமல் சாறும் சாயமும் மட்டும் உள்ள ஒரு வரிசையை வைக்கவும். 125, 62.5, 31.25 ஆகிய மூன்று குழிகளிலிருந்தும் பத்து மைக்ரோலிட்டர் எடுத்துப் புதிய அகாரில் சொட்டிவிட்டு, மறுநாள் காலையில் எவற்றில் கூட்டம் வளர்ந்திருக்கிறது என்று எண்ணி எழுதவும்.